பதினான்காம் டோக்கனின் வரைபடம் என்னுடையதன்று

அனுப்புநர்:
நோயாளி எண் 2217,
அறிவிப்பாளர், விசாரணைக் கூண்டு,
மத்தியப் பேருந்து நிலையம்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மகளிர் மருத்துவமனை.

பொருள்: சிறுநீர்க் கசிவுக்கான நாடா அறுவைக்குப் பின் சிறுநீர் சரிவரப் பிரியாமை – எனது கோப்பிலுள்ள பாய்ச்சல் வரைபடத்தை நீக்குதல் – மறுபரிசோதனை செய்து நாடாவை வெட்டித்தர ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது வெளிநோயாளர் சீட்டு. 2. அறுவை மருத்துவர் கடந்த வாரம் எழுதிய “மனநல ஆலோசனைக்கு அனுப்பப்படுகிறார்” என்ற குறிப்பு.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். கீழே கையொப்பமிட்டுள்ள நான் தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் கொண்டுவருவது:

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக மத்தியப் பேருந்து நிலையத்தின் விசாரணைக் கூண்டில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராகப் பணியாற்றி வருகிறேன். என் முகம் இந்த ஊரில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது. என் குரலைத் தெரியாதவர் இல்லை. எந்தப் பேருந்து எந்த நடைமேடையில், எத்தனை நிமிடம் தாமதம் என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகியவள் என்பதால் இம்மனுவிலும் நேரமும் வரிசையும் சரியாக இருக்கும். வெட்கப்பட வேண்டிய இடங்களும் இதில் உண்டு. அவற்றையும் வரிசைப்படியே சொல்கிறேன்.

2. கசிவை நிறுத்தச் சிறுநீர்க் குழாயின் அடியில் ஒரு நாடாவைத் தாங்கலாக வைக்கும் அறுவை எனக்கு நடந்து இன்றோடு நாற்பத்து மூன்று நாட்கள். அதற்கு முன் இருமினால் கசிந்தது, தும்மினால் கசிந்தது, சிரித்தால் கேட்கவே வேண்டாம். இப்போது கசிவு அறவே இல்லை. ஆனால் போக வேண்டியதும் போவதில்லை. கால்மணி நேரம் உட்கார்ந்து முக்கினால் கால் தம்ளர் வரும், மீதி முழுவதும் உள்ளேயே நின்றுவிடும். எனவே நாளொன்றுக்கு நான்கு வேளை, செவிலியர் கற்றுக்கொடுத்தபடி ஒரு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நானே டியூப் செலுத்தி எடுத்துவிடுகிறேன். இதற்குள் இரண்டு முறை கிருமி தொற்றிக் குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டேன்.

3. இதைப்பற்றி அறுவை மருத்துவரிடம் மூன்று முறை முறையிட்டேன். கழுத்தில் போட்ட சுருக்குப்போல அந்த நாடா இறுகியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, அதை வெட்டிவிடுங்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என் கோப்பைப் பிரித்து, அறுவைக்கு முன் எடுத்த ஒரு தாளை விரலால் தட்டிக் காட்டி, “இவ்வளவு அழகா போய்க்கிட்டிருந்தவங்களுக்கு எப்படிம்மா நிக்கும்? பயத்துல நீங்களே இறுக்கிப் பிடிச்சுக்கிறீங்க. மனசு லேசானா தானா வரும்” என்றார். பிறகு பார்வை இரண்டில் உள்ள குறிப்பை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது நியாயம். குறை அந்தத் தாளில்தான் இருக்கிறது. அது எப்படி என் கோப்புக்கு வந்தது என்பதைச் சொல்லவே இம்மனு.

4. அதற்கு முன் என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது. அவர் என் கணவருடைய தம்பியின் மனைவி. வீட்டில் அவரைச் ‘சின்னவள்’ என்றும் என்னைப் ‘பெரியவள்’ என்றும் அழைப்பார்கள். என்னைவிட எட்டு வயது இளையவர். பெண்கள் பள்ளியொன்றில் விளையாட்டு ஆசிரியை. நாங்கள் கீழ்த்தளத்திலும் அவர்கள் மாடியிலும் குடியிருக்கிறோம். வாய்ப்பேச்சில் அவரை ‘அவள்’ என்றுதான் சொல்வேன். மனு என்பதால் ‘அவர்’ என்று எழுதுகிறேன். இதற்குமேல் நான் என்ன எழுதினாலும் பொறாமையில் எழுதுவதாகத் தாங்கள் கருதக்கூடும். சரியாகவே கருதுகிறீர்கள். இருபத்தாறு ஆண்டுகளாக எனக்கு அவர்மேல் பொறாமை. நான் வைத்த செடி வாடும். அதே தொட்டியில் அவர் வைத்தால் பூக்கும். நான் அரைநாள் தேடிய சாவியை அவர் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்துக் கொடுப்பார். மாமியார் இருந்தவரை மாத்திரையை அவர் கையால் கொடுத்தால்தான் விழுங்கினார். என் கணவரே எதற்கும் “சின்னவள ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன்” என்பார். இவற்றில் ஒன்றுகூட மனு எழுதும் அளவுக்குத் தேறாது என்பதுதான் இத்தனை வருடமாக என் கஷ்டம்.

5. ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கொழுந்தனார் தன் அலுவலக மேலாளர் நடப்பதைப்போல நடந்து காட்டினார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சின்னவளும் ஒரே நேரத்தில் காலைப் பின்னிக்கொண்டு எழுந்து, ஒரே குளியலறைக் கதவுக்கு ஓடி, முட்டிக்கொண்டு நின்றோம். “அக்கா, உங்களுக்குமா?” என்றார். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மனசு குளிர்ந்துவிட்டது. கயிறு தாண்டிக் காட்டும்போதெல்லாம் அவருக்கும் நனைகிறதாம், பள்ளிக்கூடத்தில் கறுப்புக் கால்சட்டை தவிர வேறு போடுவதில்லையாம். இந்த ஒன்றிலாவது நாங்கள் சமம் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்திலேயே, இருவரும் சேர்ந்து தங்கள் மருத்துவமனைக்கு வந்தோம்.

6. எனக்கு இந்த நிலை வந்த விதமும் தங்களுக்குத் தெரிய வேண்டும். விசாரணைக் கூண்டில் ஒரே ஆள். நான் எழுந்தால் ஒலிபெருக்கி ஊமை. இரண்டு பேருந்துகளுக்கு நடுவில் கிடைக்கும் நான்கு நிமிடத்தில் ஓடிப்போய், அடிவயிற்றைக் கையால் அழுத்தி, முக்கி முடித்து, ஓடிவர வேண்டும். தானாக வரட்டும் என்று உட்கார்ந்திருக்க எனக்கு நேரம் இருந்ததில்லை. நாளடைவில் முக்கினால்தான் வரும் என்று ஆகிவிட்டது. கடைசி ஐந்தாறு ஆண்டுகளாக முக்கினாலும் நூல்போல மெலிதாகத்தான் வரும். போய்விட்டு வந்த பத்தாவது நிமிடம் இன்னும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றும். இதனுடன் பதினொரு வருடச் சர்க்கரை. வயது ஐம்பத்தேழு. ஆறு வருடங்களுக்கு முன் கருப்பை இறங்கி அதற்கும் ஒரு முறை தையல் போட்டிருக்கிறார்கள்.

7. மருத்துவமனைக்கு வந்த முதல்நாள், வெளிநோயாளர் கூடத்தில் படிவம் நிரப்பிய செவிலியரிடம் வயதையும் சர்க்கரையையும் தையலையும் மறைக்காமல் சொன்னேன். அடுத்ததாக அவர், “ஒண்ணுக்கு முக்கித்தான் போவீங்களா? தாரை நல்லா வருதா?” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அதற்குள் என் குரலை அடையாளம் கண்டுகொண்ட இரண்டு பெண்கள் பக்கத்து பெஞ்சிலிருந்து திரும்பி, “பஸ் ஸ்டாண்டுல பேசுறவங்க நீங்கதானே?” என்று சிரித்தார்கள். அவர்கள் காதுபட என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. “அதெல்லாம் நல்லா போகும்” என்றேன். நாளைக்கு நடைமேடையில் நின்றுகொண்டு என் அறிவிப்பைக் கேட்கும்போது அவர்களுக்கு என்ன நினைவு வரும் என்பதைத் தாங்களே யோசித்துப் பார்க்கலாம். இது என் முதல் தவறு.

8. இரண்டாம் தவறு, அறுவைக்கு முந்தைய வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குத் தங்கள் பாய்ச்சல் அறையில் நடந்தது. நிறையத் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். எனக்குப் பதினான்காம் டோக்கன், சின்னவளுக்குப் பதினைந்து. எல்லோருக்கும் ஒரே பச்சை அங்கி. உள்ளே துளையிட்ட ஒரு நாற்காலி, அதனடியில் புனல், புனலுக்குக் கீழே, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தாளில் கோடு போடும் பெட்டி. அறைக்குக் கதவு இல்லை, திரைதான். திரைக்கு அடியில் வரிசையில் நிற்பவர்களின் செருப்புகள் தெரிந்தன. ஏழு நிமிடம் உட்கார்ந்தேன். முக்கினால் வெளியே கேட்கும், முக்காவிட்டால் வராது. வயிறு கல்லாகக் கனத்தது, ஒரு சொட்டு இறங்கவில்லை.

9. பாய்ச்சல் அறையின் உதவியாளர் அப்போது தேநீர் குடிக்கப் போயிருந்தார். நான் திரையை விலக்கி வெளியே வந்து, சின்னவளின் காதில் “வரமாட்டேங்குதுடி” என்றேன். “டோக்கனைக் குடுங்கக்கா” என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார். எதிலும் முன்னால் வந்து நின்று உதவி செய்யும் குணம் அவருக்கு. நான் ஒரு காரியத்தில் திணறினால் அதை அவர் செய்து முடித்துவிடுவார், பிறகு நான் நன்றி சொல்ல வேண்டும். அன்றும் அப்படித்தான் என்று நினைத்து நின்றேன். தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் மதகு திறந்தாற்போலச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

10. உதவியாளர் திரும்பி வந்து, தாளைக் கிழித்து, டோக்கனைப் பார்த்துப் பதினான்கு என்று எழுதினார். நாற்காலியிலிருந்து எழுந்தவரைப் படுக்கவைத்து, வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்து, “மிச்சமே இல்ல, சூப்பர்” என்றார். முகத்தையோ சீட்டையோ அவர் பார்க்கவில்லை. அந்தத் தாள் 2217 எண் கோப்பில், அதாவது என் கோப்பில் சேர்ந்தது. பின்னர் பதினைந்தாம் எண்ணைக் கூப்பிட்டபோது சின்னவளிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. அவசர அவசரமாக இரண்டு புட்டி தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் கழித்து உட்கார்ந்து, ஏதோ கொஞ்சம் வந்தது. அவர் பெயரில் ஏறியது புழு நெளிந்தாற்போல ஒரு கோடு. நான் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த சாதாரணக் கழிப்பறைக்குப் போய், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து சத்தம் மறைத்து, முக்கி முடித்தேன். அங்கே அதை அளக்க யாரும் இல்லை.

11. இரண்டு நாள் கழித்து அறுவை மருத்துவர் எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினார். முதலில் என் கோப்பைத் திறந்தார். அதிலிருந்த கோடு மணியைக் கவிழ்த்து வைத்தாற்போல ஏறி, வளைந்து, இறங்கியிருந்தது. “இந்த வயசுல, சர்க்கரையும் வச்சுக்கிட்டு இப்படி ஒரு ஃப்ளோவா! இதை நான் ஸ்டூடண்ட்ஸுக்குக் காட்டப்போறேன்மா” என்றார். பிறகு சின்னவள் பக்கம் திரும்பி, “உங்களுக்குத்தான் பார்த்துப் பண்ணணும், தாரை சரியில்ல” என்றார். அம்மையீர், சின்னவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் என்னைப் பாராட்டியது என் வாழ்நாளில் அதுவே முதல்முறை. உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் அது. நான் தலையை ஆட்டினேன். சிரிக்கவும் செய்தேன். சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நடை கொஞ்சம் மிதப்பாகவே இருந்தது.

12. அதன் பிறகு நடந்தவை எல்லாம் தங்கள் பதிவேட்டில் உள்ளன. சின்னவளை மருத்துவர் மறுநாள் தனியாக அழைத்து அரைமணி நேரம் கேள்வி கேட்டார். முக்குவீர்களா, அடக்குவீர்களா, போய் வந்த பிறகு மிச்சம் இருப்பதுபோலத் தோன்றுமா என்று ஒவ்வொன்றாக, கதவைச் சாத்திக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாராம். அதே கேள்விகளை அதே குரலில் என்னிடம் கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அறுவையின்போது அவருக்கு நாடாவை ஒரு கத்தரிக்கோல் நுழையும் அளவுக்குத் தளர்வாக வைத்ததாகச் சொன்னார்கள். இரண்டு நாள் வார்டில் வைத்து, மூன்று முறை அளந்து, மிச்சம் இல்லை என்று உறுதி செய்துகொண்டே வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னிடம் “உங்களுக்குக் கவலையே இல்ல” என்று சொல்லி, வழக்கமான இறுக்கத்தில் வைத்து, அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்திருக்க வேண்டிய கேள்வியும் தளர்வும் காவலும் அவருக்குப் போய்ச் சேர்ந்தன. யார் மேலும் கோபப்பட முடியாதபடி போய்ச் சேர்ந்தன.

13. தற்போதைய நிலை பின்வருமாறு. மாடிக் கழிப்பறையின் குழாய் என் கழிப்பறைச் சுவரை ஒட்டி இறங்குகிறது. காலை ஆறேகாலுக்கு நான் கண்ணாடியும் டியூபுமாக உட்கார்ந்திருக்கும்போது மேலே அவர் வருவார். இருபது நொடிகூட ஆகாது, தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும், போய்விடுவார். ஆறரைக்கு என் தலைக்கு மேலே கயிறு தாண்டத் தொடங்குவார். நூற்றைம்பது வரை எண்ணியிருக்கிறேன். கறுப்புக் கால்சட்டையை விட்டுவிட்டு இப்போது வெளிர்மஞ்சளில் போகிறார். எனக்கு அந்த மஞ்சளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதால் இன்னும் அதிகமாகப் பற்றிக்கொண்டு வருகிறது.

14. கூண்டில், பகல் பன்னிரண்டரைக்கு டியூப் போட எனக்கு இருபது நிமிடம் வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் ஆறு பேருந்துகள் அறிவிப்பு இல்லாமல் போகின்றன. நிலைய மேலாளர் நல்லவர். “உங்க குரலையே ரெக்கார்டு பண்ணிக் குடுத்துருங்கம்மா, மிஷின் பார்த்துக்கும்” என்கிறார். அப்படிக் கொடுத்துவிட்டால் இருபது நிமிடத்துக்கு மட்டும் என்று நிற்காது என்பது எனக்குத் தெரியும். ஓய்வுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. சிறுநீர் கழிக்க எழுந்திருக்கத் தேவையே இல்லாத ஒரு குரலோடு என்னால் போட்டி போட இயலாது.

15. கடந்த வாரம் மனநல ஆலோசகரின் அறை வாசலில் காத்திருந்தபோது, எதிர்ச் சுவரில் தங்கள் மருத்துவமனையே ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். நாடா அறுவைக்குப் பின் சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஏற்படும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று அதில் போட்டிருந்தது. வயது கூடியவர்கள். சர்க்கரை உள்ளவர்கள். முன்பே அந்தப் பகுதியில் அறுவை செய்துகொண்டவர்கள். வயிற்றை அழுத்தி முக்கிக் கழிக்கும் பழக்கம் உள்ளவர்கள். அறுவைக்கு முன்பே தாரை மெலிந்திருப்பவர்கள், கழித்த பின்னும் உள்ளே மிச்சம் நிற்பவர்கள். நான் அட்டவணை படித்துப் பழகியவள். ஒவ்வொரு வரியும் என் நிறுத்தத்தில் நின்று போனது. முதல் மூன்றும் என் படிவத்திலேயே இருந்தன. பின்னவற்றை மறைத்தது என் வாயும் அந்த ஒரு தாளும். முதல் மூன்றை மருத்துவர் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கும் அந்தத் தாளே காரணம். அத்தனை அழகான கோட்டைப் பார்த்த பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்?

16. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கலாம். மருத்துவருக்குப் பயந்து சொல்லாமல் இருக்கவில்லை. அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தால் அது சின்னவளிடம் போய்விடும். அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டு முறை காய்ச்சலில் கிடந்தபோதும் வரவில்லை. ஐம்பத்தேழு வயதில், ஒரு சிறுநீர்க் கோட்டுக்காக ஒருத்தி உடம்பைக் கெடுத்துக்கொள்வாளா என்று தாங்கள் சிரிக்கலாம். நான் கெடுத்துக்கொண்டேன். மனநல ஆலோசகர் கதவைத் திறந்து என் எண்ணைக் கூப்பிட்டபோதுதான், இந்தப் பொய்யோடு இன்னொரு அறைக்குள் போய் உட்கார என்னால் முடியாது என்று தோன்றியது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வருகையை “நோயாளி வரவில்லை” என்று பதிந்திருந்தால், வந்தார் என்று திருத்திக்கொள்ளவும்.

17. அன்று மாலையே மாடிக்குப் போய், அந்தக் கோடு உன்னுடையதுதான் என்று எழுதிக் கொடு என்று சின்னவளிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர், “எப்பக்கா கேப்பீங்கன்னுதான் இருந்தேன்” என்றார். இதிலும் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார் பாருங்கள். மறுநாள் ஒரு கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று நான் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க இரண்டு முறை கை போனது, ஆனாலும் பார்க்கவில்லை. என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் எழுதியிருப்பார். அதைப் படிக்கும் தெம்பு எனக்கு இல்லை. உறையை அப்படியே இணைத்துள்ளேன்.

18. எனவே தங்களைப் பணிந்து வேண்டுவது:

அ) 2217 எண் கோப்பிலுள்ள பாய்ச்சல் வரைபடத்தையும் “மிச்சம் இல்லை” என்ற குறிப்பையும் நீக்கி, உரியவரின் கோப்பில் சேர்க்க வேண்டும். மாணவிகளுக்குக் காட்டியிருந்தால் அவர்களிடமும் திருத்திச் சொல்ல வேண்டும்.

ஆ) எனக்கு மறுபரிசோதனை செய்ய வேண்டும். கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறையில், வரிசை இல்லாத நேரத்தில் செய்தால் உதவியாக இருக்கும். எப்படி வருகிறதோ அப்படியே அளந்துகொள்ளலாம். இம்முறை நான் முக்குவதை யார் கேட்டாலும் பரவாயில்லை.

இ) அதன் முடிவைக் கொண்டு நாடாவை வெட்டித்தர வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் தளர்த்தியே விட்டிருக்கலாம், இனி வெட்டத்தான் முடியும் என்று வார்டு செவிலியர் ஒருவர் சொன்னார். அந்த இரண்டு வாரத்தைப் போக்கடித்தது நான்தான் என்பதையும் அறிவேன்.

ஈ) பாய்ச்சல் அறையில் டோக்கனோடு முகத்தையும் சீட்டையும் பார்க்கும்படியும், முக்குவது பற்றிய கேள்வியைக் கூடத்தில் வைத்துக் கேட்காதபடியும் உத்தரவிட வேண்டும். இதற்காக உதவியாளர் மீதோ செவிலியர் மீதோ நடவடிக்கை எதுவும் வேண்டாம். அந்த உதவியாளருக்கு வேளைக்குத் தேநீர் குடிக்க ஒரு மாற்று ஆள் போட்டால் போதும். ஒரே ஆளாக வேலை பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

19. நாடாவை வெட்டினால் பழையபடி கசிவு திரும்பக்கூடும் என்று எனக்குச் சொல்லப்பட்டுள்ளது. சம்மதிக்கிறேன். துணி வைத்துக்கொண்டு மைக்கில் பேச எனக்குத் தெரியும். பல வருடம் பேசியிருக்கிறேன். அப்படிக் கசிந்தால் மருத்துவர் மீதோ மருத்துவமனை மீதோ புகார் எதுவும் செய்யமாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். மாடியில் ஒருத்திக்குக் கசியவில்லையே என்ற புகார் மட்டும் இருக்கும். அதை வாங்கிக்கொள்ளத் தங்கள் அலுவலகத்தில் இடமில்லை என்பதால் என்னிடமே வைத்துக்கொள்கிறேன்.

20. பேருந்துகள் பிந்துவதற்கு இதுவரை ஆயிரம் காரணங்கள் அறிவித்திருக்கிறேன். என் விஷயத்தில் தாங்கள் பிந்தாமல் ஒரு தேதி குறித்துத் தருவீர்கள் என்று நம்பி, அந்தத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
நோயாளி எண் 2217

இடம்: எங்கள் வீட்டின் கீழ்த்தளம்.
நாள்: அறுவை முடிந்த நாற்பத்து மூன்றாம் நாள், பிற்பகல்.

இணைப்புகள்: 1. வெளிநோயாளர் சீட்டு நகல். 2. மனநல ஆலோசனைக் குறிப்பு நகல். 3. ஒட்டிய உறையில், என் ஓரகத்தி (நோயாளி எண் 2218) எழுதிய கடிதம்.


இணைப்பு 3

மதிப்பிற்குரிய அம்மா,

அக்காவின் கோப்பில் இருக்கும் வரைபடம் என்னுடையது. பதினான்காம் டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போனது நான்தான்.

அக்காவுக்கு உதவி செய்ய நான் போனதாக அவர் எழுதியிருப்பார். அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மை அதுவல்ல. நான் அன்று ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்திருந்தேன். எனக்கு முட்டிக்கொண்டு நின்றது. அக்கா ஏழு நிமிடமாக உள்ளேயே இருந்தார். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் வரிசையில் எல்லோர் முன்னாலும் நனைந்திருப்பேன். அவர் வெளியே வந்து காதில் என்ன சொன்னார் என்பதுகூட எனக்குச் சரியாக விழவில்லை. டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். இது அவர் பேரில் ஏறுமே என்று நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. அப்போது என்னால் நிறுத்த முடியவில்லை. நினைத்த நேரத்தில் நிறுத்த முடிந்தவளாக இருந்தால் உங்கள் மருத்துவமனைக்கே வந்திருக்க மாட்டேன்.

டாக்டர் அந்தக் கோட்டைக் காட்டி அக்காவைப் பாராட்டியபோது, அது என்னுடையது என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அக்கா ரேடியோ மாதிரி. அவர் பேசினால் ஊரே கேட்கும், என் பேச்சு பள்ளி மைதானத்தைத் தாண்டாது. எனக்கென்று வந்த ஒரு பாராட்டும் அவர் பேரில் போகிறதே என்று வயிறு எரிந்தது. ஆனால் அவர் சிரித்துவிட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க வேண்டாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டேன். நான் அப்போதே வாயைத் திறந்திருந்தால் தளர்வான நாடா அவருக்குப் போயிருக்கும்.

இதை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் உறையை ஒட்டினேன்.

அந்தக் கோடு என்னுடையது. அதை வைத்து அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். அக்காவுடையதை அளந்து பாருங்கள். இந்த வாரமே பாருங்கள்.

(ஒப்பம்)
நோயாளி எண் 2218